தாத்தா மோட்டாருக்குப் புதுப் பல்வரிசை

திருப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனியன் ஞாபகம் வரும். கொடி காத்த குமரன் ஞாபகம் வரும். பல் வைத்தியம் நிச்சயம் ஞாபகத்துக்கு வராது. ஆனால் அந்த ஊரில் ஒரு விசித்திரமான பல் வைத்தியம் நடக்கிறது. நோயாளிகளுக்கு வயது எழுபது, எண்பது, சிலருக்குத் தொண்ணூறு கூட ஆகியிருக்கும். நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுகிற வைத்தியம் அல்ல இது. யந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, மிச்சமிருக்கிற பல்லையெல்லாம் ஒரேயடியாகச் சீவித் தள்ளிவிட்டு, நெருப்பில் வாட்டிய புதுப் பல்வரிசை ஒன்றை மாட்டி அனுப்புகிற வைத்தியம். நோயாளி, பழைய மோட்டார் கார். வைத்தியர், கடைசல் பட்டறை மேஸ்திரி.

"மோட்டார் சமாசாரம் எங்களுக்கு எதற்கு? பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வைத்தியம் பாதி தெரிந்த மாதிரிதான். மீதிப் பாதி தையல் யந்திரம் மிதிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆண்பிள்ளைகளுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். பழைய கார் இருக்கிற வீட்டில் நீங்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். சாவியைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால், என்ஜின் சுழலுவதற்குப் பதிலாக, தகரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினால் மறுபடி 'கர்ர்ர்'. உடனே வீட்டுக்காரர் இறங்கி, கியரைப் போட்டு, வண்டியை ஒரு முழம் முன்னே தள்ளுவார். ஏறி உட்கார்ந்து மறுபடி அழுத்துவார். என்ன ஆச்சரியம், கிளம்பிவிடும்! "பேட்டரி சரியில்லை" என்பார். பேட்டரி சரியாகத்தான் இருக்கிறது. பல்தான் போய்விட்டது.

எந்தப் பல்? அதற்கு என்ஜினுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு கனமான இரும்புச் சக்கரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ளைவீல் என்று பெயர். உங்கள் வீட்டுத் தையல் யந்திரத்தில் காலை எடுத்த பிறகும் இரண்டு தையல் தானாக ஓடிவிடுகிறதே, அது யார் வேலை? வலது கைப்பக்கத்துச் சக்கரமும் கீழேயுள்ள பெரிய சக்கரமும் செய்கிற வேலை. காரின் ப்ளைவீலும் அதே ஜாதி. சாதாரணக் கார் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு வீச்சுக்கு ஒரு வீச்சில்தான் பெட்ரோல் வெடித்துப் பலம் கிடைக்கிறது. மற்ற மூன்றும் வெறும் செலவு. முதல் தேதி வருகிற சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, முப்பது நாளும் தட்டாமல் அளந்து கொடுக்கிற குடும்பத் தலைவியைப் போல, வெடிப்பின் பலத்தை வாங்கிக்கொண்டு மற்ற வீச்சுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது ப்ளைவீல். கனம் குறைந்தால் என்ஜின் மெதுவாக ஓடும்போது திணறும், நின்று போகும். குடும்பத்திலும் அப்படித்தானே?

இந்தச் சக்கரத்துக்கும் பெண்களுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் காருக்குத் தெரியாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு தாய்வீடு போய்ச் சேர்ந்தார். ('காருக்கு' என்பது அச்சுப்பிழை அல்ல. அவருடைய கணவர் பெயரே கார்ல்!) வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். அந்த வண்டியைக் கிளப்பப் பொத்தானும் இல்லை, ஹாண்டிலும் இல்லை. பின்புறம் படுக்கை வசத்தில் இருந்த பெரிய ப்ளைவீலைக் கையால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும்.

அப்புறம் ஹாண்டில் வந்தது. காருக்கு முன்னால் குனிந்து நின்று ஒரு வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றுவது. நம் ஊர்ப் பழைய பஸ்களில் கிளீனர் பையன்கள் செய்த வேலை. சமயத்தில் என்ஜின் முறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்போது கட்டைவிரல் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு முறியும். அதனால்தான் ஹாண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள். பெண்கள் கார் ஓட்டாமல் இருந்ததற்கு நாகரிகம், கட்டுப்பாடு என்று எத்தனையோ காரணங்கள் சொல்லலாம். இந்தப் பாழும் ஹாண்டிலும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. பாலத்தின் மேல் நின்றுபோன காரோடு தவித்த ஒரு பெண்மணிக்கு உதவப் போன பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளரை ஹாண்டில் திருப்பி அடித்தது. அந்தக் காயத்தைத் தொடர்ந்து 1908-ல் அவர் இறந்தார். அவருடைய நண்பர் காடிலாக் கம்பெனியின் ஹென்றி லீலண்டு மனம் வெதும்பி, "இனி என் காரில் ஹாண்டிலே கூடாது" என்றார். எவ்வளவு நிஜமோ, எவ்வளவு கூட்டிச் சேர்த்ததோ, மோட்டார்க்காரர்கள் விடாமல் சொல்லும் கதை இது. சந்தேகமே இல்லாத பாகம் என்னவென்றால், 1911-ல் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் என்ஜினைக் கிளப்பும் கருவியைச் செய்து முடித்தார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்கள் அதோடு வெளிவந்தன. அதைத்தான் நாம் செல்லமாக 'செல்ப்' என்கிறோம்.

கெட்டரிங் அதற்குமுன் கடைகளில் பணம் போட்டு வைக்கும் கல்லாப் பெட்டி யந்திரத்துக்கு மின்சார மோட்டார் வைத்தவர். "என்ஜினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும், அதற்குக் காரில் இடம் ஏது?" என்று மற்றவர்கள் கையை விரித்தபோது, "நாள் முழுக்கச் சுற்றினால்தானே பெரிய மோட்டார்? இரண்டு நிமிஷம் பாடுபட்டுவிட்டு ஓய்வெடுக்கிற மோட்டார் சிறிதாகவே இருக்கலாமே" என்ற யோசனை அவருக்குத் தோன்றியது. அந்தச் சின்ன மோட்டாரின் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பதற்காகத்தான் ப்ளைவீலின் விளிம்பில் பல் வந்தது. மோட்டாரின் முனையில் ஒன்பது, பத்துப் பல் உள்ள பொடிச் சக்கரம். ப்ளைவீலைச் சுற்றி நூறு பல்லுக்கு மேல். சின்னச் சக்கரம் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றினால் என்ஜின் ஒரு முறை சுற்றும்.

விளிம்புப் பல்லைச் சில கம்பெனிகள் தனி எஃகு வளையமாகச் செய்து ப்ளைவீலில் இறுக்கி மாட்டின. இதற்கு ரிங் கியர் என்று பெயர். வேறு சில பழைய கார்களில் வளையமே கிடையாது. ப்ளைவீல் இரும்பிலேயே பல்லை வெட்டிவிட்டார்கள். தேய்ந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

தேய்மானத்திலும் ஒரு வேடிக்கை. நூறு பல்லும் ஒரே மாதிரி தேயாது. நான்கு சிலிண்டர் என்ஜினை நிறுத்தும்போது, அது ஊஞ்சல் மாதிரி ஆடி, எதிரெதிரான இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். மறுநாள் காலையில் செல்பின் பொடிச் சக்கரம் அந்த இடத்துப் பல்லில்தான் மோதும். வருஷக்கணக்கில் மோதி மோதி அந்த இரண்டு இடமும் பொக்கையாகிவிடும். நடுவிலுள்ள பல்லெல்லாம் புதுசு போலவே இருக்கும். வண்டியை ஒரு முழம் தள்ளினால் கிளம்புகிற ரகசியம் இதுதான். ஆறு சிலிண்டர் என்றால் பொக்கை மூன்று இடத்தில்.

தனி வளையமாக இருந்தால் அதைக் கழற்றி, கால் வட்டம் திருப்பி மாட்டினாலே போதும். இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் ப்ளைவீலிலேயே பல் வெட்டிய கார் என்றால்? எண்பது வருஷத்துக்கு முந்திய காருக்கு ப்ளைவீல் எங்கே விலைக்குக் கிடைக்கும்? அப்போதுதான் கடைசல் பட்டறை.

திருப்பூரில் இதற்குக் கைதேர்ந்தவர்கள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பனியன் துணி தறியில் நெய்யப்படுவது அல்ல, ஊசிகளால் பின்னப்படுவது. 1920-களில் கையால் சுற்றும் யந்திரங்களோடு ஆரம்பித்த தொழில் அது. இன்று ஓடுகிற வட்டப் பின்னல் யந்திரத்தைப் பார்த்தீர்களானால், நூற்றுக்கணக்கான ஊசிகள் நிற்கிற உருளைக்கு அடியில் ஒரு பெரிய பல் வளையம் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் அதைச் சுற்றும். ப்ளைவீலும் செல்பும் போலவேதான்! வெளிநாட்டில் ஒரு தரம் உழைத்த பழைய யந்திரங்களை வாங்கி வந்து ஓட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். உதிரிப் பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கொண்டிருந்தால் ஆர்டர் போய்விடும். அதனால் பட்டறைகளில் அளவெடுத்து, கடைந்து, பல் வெட்டி மாட்டிக்கொள்ளப் பழகினார்கள்.

பக்கத்துக் கோயமுத்தூரும் இப்படித்தான். மில்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய பட்டறைகள்தான் பிற்பாடு பம்பும் மோட்டாரும் செய்கிற தொழிற்சாலைகளாயின. இந்தச் சீமையின் யந்திரப் பைத்தியத்துக்கு மூலபுருஷர் என்றால் ஜி. டி. நாயுடுதான். சூலூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். இளமையில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, முதல் காரியமாக அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர். திருப்பூரில் பஞ்சு வியாபாரமும் பார்த்திருக்கிறார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டிக்கொண்டு ஆரம்பித்தார். அதுவே பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1974-ல் காலமானார். கோயமுத்தூர் அவினாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால் பழைய கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். ஒரு பகல் போவதே தெரியாது.

இனி நான் நேரில் பார்த்த வைத்தியத்துக்கு வருகிறேன். காரின் பெயரைச் சொன்னால் அது யாருடையது என்று ஊரில் தெரிந்துவிடும்; அதனால், 1930-களில் சீமையிலிருந்து வந்த நான்கு சிலிண்டர் கார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். மாமனார் வாங்கிய வண்டி. கணவர் இருந்தவரையில் ஹாண்டில் போட்டுக் கிளப்பிக் கொடுப்பார், அம்மாள் ஓட்டுவார். கணவர் போன பிறகு ஹாண்டில் போட ஆள் இல்லை. தோட்டத்துப் பையன் ஒருவன் முயற்சி பண்ணி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். அன்றிலிருந்து, "என்னால் இன்னொரு பிள்ளையின் கை போக வேண்டாம்" என்று வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார். செல்ப் சரியானால் ஓட்டுவது, இல்லாவிட்டால் கொடுத்துவிடுவது என்று முடிவு. மைத்துனர் மகன் பழைய இரும்புக் கடையில் விலை கூட விசாரித்து வைத்திருந்தான்.

ப்ளைவீல் பட்டறை மேஜைமேல் கிடந்தது. கட்டை விரலால் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே மேஸ்திரி ஒரு சுற்று வந்தார். இரண்டு இடத்தில் நின்றார்.

"பெரியம்மா, எதுக்கு இத்தனை யோசனை? தேஞ்ச இடத்துலே வெல்டிங் வச்சு ராவிவிட்டா ஆச்சு" என்றான் பையன்.

"ஆகாதுங்க தம்பி" என்றார் மேஸ்திரி. "இது வார்ப்பு இரும்பு. ஒரு இடத்துலே மட்டும் சூடு காட்டினா கண்ணுக்குத் தெரியாம கீறல் விடும். அப்புறம் ஓடறப்ப தெறிச்சுதுன்னா, பக்கத்துலேதானுங்க அம்மா கால் இருக்குது."

மேஸ்திரி சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. 29 சென்டிமீட்டர் அகலமுள்ள ப்ளைவீல் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல்! கார் முப்பதில் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே இந்தச் சக்கரம் அப்படிப் பறக்கலாம். அது உடைந்தால் நடுவிலிருக்கும் தகரமும் பலகையும் அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

"ஏனுங்க மேஸ்திரி, அப்ப என்னதான் வழி?" என்று கேட்டார் அம்மாள்.

வழி ஒன்றுதான். பழைய பல்லை முழுக்கச் சீவிவிட்டு, வேறொரு வண்டிக்காக விற்கிற புது ரிங் கியரை அதன்மேல் ஏற்றுவது. கேட்க எளிது. ஆனால் எந்த வளையம்? வெளிச்சுற்று பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்பின் பொடிச் சக்கரம் எட்டாது, அல்லது இடிக்கும். பல்லின் பருமனும் இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும். பொருந்தாத பல் இரண்டு தரப்பையும் தின்றுவிடும். பல் எண்ணிக்கை ஒத்திருப்பது நல்லது. இத்தனையும் ஒத்திருந்து உள்சுற்று மட்டும் வேறாக இருந்தால் பரவாயில்லை. அதற்குத் தக்கபடி ப்ளைவீலைக் கடைந்துகொள்ளலாம். மருமகளுக்காக வளையலைப் பெரிதாக்க முடியாது. இங்கே கையைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்!

கோயமுத்தூர்க் கடையிலிருந்து இரண்டு வளையங்கள் வந்திருந்தன. முதலாவது தடித்த வளையம். விலை குறைவு, எஃகும் நல்ல எஃகு. மேஸ்திரி அதைப் ப்ளைவீல்மேல் வைத்து உள்ளோரத்தைச் சாக்கட்டியால் வரைந்தார். கோட்டுக்கும், கிளட்ச் மாட்டுகிற போல்ட் துவாரங்களுக்கும் நடுவே அரை விரற்கடை கூட இரும்பு மிஞ்சவில்லை. வளையம் குளிர்ந்து இறுக்கும்போது அந்த மெல்லிய இடம் தாங்குமா?

"இதைப் போட்டா இன்னிக்கு ஓடுமுங்க. எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்.

இரண்டாவது வளையம் மெலிந்தது. அதைப் போட்டால் துவாரத்துக்கு வெளியே ஒரு விரற்கடைக்குக் கிட்டத்தட்ட இரும்பு மிஞ்சுகிறது. ஆனால் அது பழைய பல்வரிசையைவிடச் சற்று அகலம். ஓரத்தைக் கொஞ்சம் கடைந்து எடுக்க வேண்டும். விலையும் அதிகம். அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க வீட்டு வண்டின்னா எதைப் போடுவீங்க?" மேஸ்திரி இரண்டாவதைக் கையில் எடுத்தார். விஷயம் முடிந்தது.

கடைசல் பிடிப்பதற்கு முன் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய விளிம்பில் ஒரு சின்னக் கோடு வெட்டியிருந்தது. முதல் சிலிண்டர் மேலே ஏறி நிற்கிற நிலையைக் காட்டுகிற கம்பெனிக் குறி. பல்லைச் சீவினால் அந்தக் குறியும் போய்விடும். அப்புறம் என்ஜினுக்கு நேரம் வைப்பவர் திண்டாட வேண்டியதுதான். மேஸ்திரி மறக்காமல் அதைச் சக்கரத்தின் முகத்துக்குப் பெயர்த்து வெட்டிக்கொண்டார். பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் சாமி படத்தை எடுத்து வைப்பார்கள் அல்லவா?

பிறகு லேத்தில் ஏற்றினார். விளிம்பைப் பார்த்து நடுவாக மாட்டவில்லை. என்ஜின் அச்சோடு பொருந்துகிற நடுத்துவாரத்தையும் முகத்தையும் பார்த்து, கடிகாரம் போன்ற ஓர் அளவுகருவியின் முள் அசையாமல் நிற்கும் வரையில் தட்டித் தட்டி நேர் செய்தார். இதற்கே முக்கால் மணி நேரம். நடு தப்பினால் பின்னால் எல்லாமே தள்ளாடும். பிறகு உளி பட்டது. பல்லெல்லாம் 'டக் டக் டக்' என்று உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறி, வழுவழுவென்று ஓடத் தொடங்கியது. வளையம் சாய்ந்து உட்காருவதற்கு ஓர் ஓரத்தில் சிறு படி விட்டுக் கடைந்தார்.

எவ்வளவு கடைய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். வளையத்தின் உள்விட்டம் 262 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளைவீலை 262-க்கே கடைந்தால் வளையம் தளர்ந்து சுற்றும். அதைவிடச் சுமார் 0.3 மில்லிமீட்டர் பெரிதாக விட வேண்டும். அதாவது, போடுகிற வளையம் சக்கரத்தைவிடச் சின்னது! எப்படி ஏறும்? நெருப்புதான் ஏற்றிவிடும். எஃகை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் இந்த வளையம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் விரியும். விரிந்த நிலையில் தளர்வாக இறங்கும். ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், திருகு வேண்டாம்.

கிராமத்தில் பிறந்தவர்கள் இதை முன்னமே பார்த்திருப்பீர்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுகிற நாளில் என்ன செய்வார்கள்? இரும்புப் பட்டையை மரச்சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே கட்டி, வறட்டியைச் சுற்றி அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்ததும் நாலு பேர் குறட்டால் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் போட்டு, புகை எழும்பச் சம்மட்டியால் தட்டி இறக்கி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். ஆரக்கால்களெல்லாம் 'மடமட' என்று இறுகும் சத்தம் கேட்கும். எந்தக் காலேஜிலும் படிக்காமல் நம் ஆசாரியும் கொல்லரும் வைத்திருந்த வித்தை. மோட்டார்க்காரர்கள் செய்வதும் அதேதான், இரண்டு வித்தியாசங்களோடு.

ஒன்று, சிவக்கக் காய்ச்சக் கூடாது. ரிங் கியரின் பல் கடினப்படுத்திய எஃகு. சூடு மிஞ்சினால் கடினம் போய்விடும். ஒரே வருஷத்தில் மறுபடி பொக்கை. அளவு தெரிவது எப்படி? இங்கேதான் உங்கள் பாகு பதம். வளையத்தில் மூன்று நான்கு இடங்களைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டு நிறத்தைக் கவனிக்கிறார்கள். சூடு 220, 230 டிகிரியைத் தொடும்போது அந்த இடம் இளம் வைக்கோல் நிறமாகும். அதுதான் பதம். இன்னும் விட்டால் பழுப்பாகும். 300-ஐ நெருங்கினால் மயில் கழுத்து நீலம் வந்துவிடும். பார்க்க அழகு, பல்லுக்குக் கேடு. பாகு முற்றிய மாதிரிதான், திரும்ப இறக்க முடியாது.

இரண்டாவது வித்தியாசம், தண்ணீர் ஊற்றக் கூடாது. வண்டிச் சக்கரத்தில் மரம் கருகாமலிருக்கத் தண்ணீர். இங்கே திடீரென்று குளிர வைத்தால் வளையம் வெடிக்கும். தானாக ஆற வேண்டும்.

அன்று வளையத்தை நாலு செங்கல் மேல் படுக்க வைத்து, மேஸ்திரி காஸ் விளக்கின் ஜ்வாலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தவே இல்லை. ஓரிடம் மட்டும் சூடானால் வளையம் முட்டை வடிவமாகிவிடுமாம். (மின்சார அடுப்பு வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு, அதில் இந்தக் கவலை குறைவு.) பட்டறையில் யாரும் பேசவில்லை. பையன்கூட இரும்புக் கடையை மறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைக்கோல் நெறம் வந்துருச்சுங்க" என்றார் அம்மாள், மேஸ்திரிக்கு முன்னால்.

"இன்னுங் கொஞ்சமுங்க. அந்தப் பக்கம் வரட்டும்."

வந்தது. இரண்டு பேர் குறட்டால் தூக்கினார்கள். சரிவு வெட்டிய பல்முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொண்டார். செல்பின் பொடிச் சக்கரம் வந்து நுழைகிற பக்கம் அந்தச் சரிவு இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டால் எல்லாம் வீண். நாலைந்து விநாடிக்குள் வளையம் சமமாக இறங்கிப் படியில் உட்கார்ந்துவிட வேண்டும். பாதியில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் அங்கேயே இறுகிவிடும்; வெட்டித்தான் எடுக்க வேண்டும், சக்கரத்தில் காயம் படாமல் வெட்டுவது சுலபமல்ல.

ஒரு 'தொப்' சத்தம். பித்தளைத் தண்டால் சுற்றி எட்டுப் பத்துத் தட்டு. அவ்வளவுதான். மேஸ்திரி நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறுகிறவரையில் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு டீ வரவழைத்தார்.

ஆறிய பிறகு இன்னொரு வேலை இருந்தது. புது வளையம், புதுக் கடைசல். சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்கிறதா? ஓர் அச்சில் கோத்து, கத்தி முனை போன்ற இரண்டு தண்டவாளங்கள்மேல் மெல்ல உருளவிட்டார். கனமான பக்கம் கீழே வந்து நின்றது. அங்கே முகத்தில் சிறிதளவு துளைத்து இரும்பை எடுத்தார். மறுபடி உருட்டினார். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிற வரையில் விடவில்லை. பழைய கார் ஓட்டுகிறவர்கள், "ஐம்பதைத் தாண்டினால் வண்டி உதறுகிறது" என்று சொல்லுவதில் பாதி இந்த வேலையை அவசரப்பட்டு முடித்ததன் பலன்.

நாலாம் நாள் வண்டியில் எல்லாம் ஏற்றி முடிந்தது. அம்மாள் பொத்தானை அழுத்தினார். பழைய 'கர்ர்ர்' இல்லை. 'விர்' என்று ஒரு சுற்று, என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் உடனே நிறுத்திவிட்டார். மறுபடி அழுத்தினார். மறுபடி நிறுத்தினார். இப்படி ஏழெட்டுத் தடவை! "பெரியம்மா, பேட்டரி தீர்ந்துடும்" என்று பையன் கத்தினான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்று கிளம்புகிறதா என்று பார்க்கிறாராம். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

கூலியை வாங்கிக்கொண்டு அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எந்த வண்டிக்கான வளையம், எத்தனை பல், உள்விட்டம் எவ்வளவு, ப்ளைவீலைக் கடைந்த அளவு என்ன, நேரக் குறியை எங்கே பெயர்த்திருக்கிறது என்று ஐந்து வரி. "இன்னும் முப்பது வருஷம் கழிச்சு எவனாவது கழட்டுவானுங்க. அவனுக்கு வேணும்" என்றார். பழைய வண்டி, பழைய தையல் யந்திரம், கிரைண்டர் எதுவானாலும் பட்டறைக்குக் கொடுத்து வாங்கும்போது நீங்களும் இப்படி ஒரு சீட்டுக் கேட்டு வாங்கி, வண்டிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாள் அதை இரண்டாக மடித்து, கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, பையனை முன் ஸீட்டில் ஏறிக்கொள்ளச் சொன்னார்.